வலது காலல்ல, இடது கால்

“சட்டபூர்வமாகத் துவக்கு வைத்திருக்க அனுமதி கிடைக்காமையால், எமது சங்க உறுப்பினர் ஒருவர் கட்டுத்துவக்கு வெடித்துத் தமது வலது காலை இழந்துள்ளார் என்பதையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டு வருகிறோம்.”

இது இந்த வருடம் மார்ச் 9ஆம் திகதியிட்ட மனுவொன்றின் மூன்றாம் பந்தி. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க விவசாயிகளுக்குத் துவக்கு உரிமம் வழங்க வேண்டும் என்று, கண்டி வீதிக்கு உட்புறமாக உள்ள ஒரு கிராமத்தின் விவசாயச் சங்கம் கச்சேரி என்று நாங்கள் சொல்லும் மாவட்டச் செயலகத்துக்கு எழுதியது. ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் என்ற முறையில் என் கையொப்பமும் வேண்டுமென்று, ஒரு பிரதியைக் கப்பல்துறையில் உள்ள என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்தப் பந்தியை இரண்டு தரம் வாசித்தேன். இழந்தது இடது கால். எக்ஸ்ரே படம் எடுத்தவள் நான். இடப்பக்கத்தைக் குறிக்கும் ஈய எழுத்தை, பிலிம் வைக்கும் கசெற்றின் மூலையில் வைத்தது என் கை.

மனுவின் அடியில் செயலாளர் என்று கையொப்பமிட்டிருப்பவர் தவராசா. காலை இழந்தவர் அவருடைய தங்கை பவளத்தின் கணவர் சிவலிங்கம். அந்தத் துவக்கைக் கட்டியவரும் தவராசாதான். தான் கட்டிய துவக்கு மச்சானின் எந்தக் காலை எடுத்தது என்பது அந்த மனுசனுக்கு ஞாபகமில்லை. அந்தக் காலைக் காட்டித் துவக்குக் கேட்க மட்டும் தெரிகிறது.

இந்த மாவட்டத்தின் அரச வைத்தியசாலை ஒன்றில் எக்ஸ்ரே உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். எங்கள் துறையின் இளையவர்கள் தங்கள் ஆண்டு மலருக்கு “இனிமையான அனுபவங்களை” எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இதை எழுதாமல் வேறு எதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை. சிவலிங்கத்திடமும் பவளத்திடமும் கேட்டு, அவர்கள் ஓம் என்ற பிறகே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். வருடம் என் குறிப்பில் இருக்கிறது. அதை வேண்டுமென்றே இங்கே எழுதாமல் விடுகிறேன்.

கொழும்பில் பயிற்சி பெற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எலும்புகளின் பெயர்களைப் பாடமாக்கினோம், இருட்டறையில் பிலிம் கழுவினோம், கதிர் அளக்கும் பாதுகாப்பு அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தோம். தொழிலைக் கற்றுத் தந்தவர் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ஜுனைதீன் சேர். குறிஞ்சாக்கேணிக்காரர். பாலம் வராத காலத்தில் மிதவைப் பாதையில் ஆற்றைக் கடந்து, வீட்டுக்கு உடுக்கும் சறத்தை ஒரு பையிலும் வெள்ளைக் காற்சட்டையை உடம்பிலுமாக வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நாங்கள் நடுங்குவதற்கு அது போதும்.

கசெற்றை நோயாளியின் உடம்பில் வைக்கமுன் தன் இரண்டு உள்ளங்கைகளாலும் அதைச் சூடாக்குவார். ஒரு படத்தோடு யாரையும் வெளியே விடமாட்டார். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பிலிம் தட்டுப்பாடான காலத்தில் மேலிடத்திலிருந்து ஆள் வந்து, ஒன்று போதாதா என்று கேட்டபோது சேர் கண்ணாடியைத் துடைத்தார்.

“ஒரு படத்தில ஆணி எலும்புக்குள்ள நிக்கும். மற்றதில எலும்புக்குப் பின்னால நிக்கும். எந்தப் படத்தை நம்பி வெட்டச் சொல்றீங்க?”

வந்தவர் திரும்பிப் போய்விட்டார்.

சேரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. சந்தேகமான காயம் என்றால், கூட வந்தவர்களிடம், “கதிர் படும், எல்லாரும் வெளியில நில்லுங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்துவார். கதிர் படும் என்பது உண்மை. அது முழு உண்மையல்ல. எங்கள் ஆசுபத்திரியில் ஒரு நோயாளி தனியாக இருக்கக்கூடிய ஒரே இடம் எக்ஸ்ரே அறைதான். வார்டில் புருசன் நிற்பான், மாமி நிற்பா, பொலிஸ்காரர் நிற்பார். இங்கே ஒருவரும் இல்லை. சேர் ஒன்றும் கேட்கமாட்டார். கசெற்றைச் சூடாக்கிக்கொண்டு நிற்பார். படுத்திருக்கிற ஆள் தானாகச் சொல்லும். அடித்தது யார், தள்ளிவிட்டது யார் என்று எத்தனை பெண்கள் அந்த மேசையில் படுத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள்! சொன்னவர் சம்மதித்தால் மாத்திரம், வைத்தியருக்கு வேண்டிய அளவு மாத்திரம் அது வெளியே போகும். இளையவர்களே, இன்று உங்களுக்குக் கணினி இருக்கிறது, இருட்டறை இல்லை. அந்தக் கதவு இன்னும் இருக்கிறது. சாத்துங்கள்.

போர்க்காலத்தில் எங்கள் படங்கள் முழுக்க உலோகம். செல் துண்டு, துவக்கு ரவை, மிதிவெடிச் சிதறல். யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை. போர் முடிந்ததும் இனிப் படத்தில் எலும்பை மட்டும் பார்க்கலாம் என்று நினைத்தேன். கொஞ்சக் காலம்தான். பிறகு வெட்டிய ஆணி, சைக்கிள் சில்லுக்குள் இருக்கும் போல்ஸ் குண்டு, கம்பித் துண்டு என்று வேறு வகை உலோகம் வரத் தொடங்கியது. இவை எந்தப் படையும் சுட்டவை அல்ல.

கட்டுத்துவக்கைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குழாயின் வாய்வழியாக வெடிமருந்தை இடித்து, அதற்கு மேல் தென்னந்தும்பும் பழந்துணியும் அடைத்து, மேலே இரும்புத் துண்டுகளைப் போட்டுக் கெட்டித்த நாட்டுத் துவக்கு. பன்றி வருகிற வழியில் முழங்கால் உயரத்தில் மரத்தோடு கட்டி, குறுக்கே ஒரு நூலை இழுத்து விடுவார்கள். நூலில் எது முட்டினாலும் வெடிக்கும். இரவில் கட்டி விடியமுன் அவிழ்க்க வேண்டும். இதில் ஊருக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு: கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும். நூலை எந்தப் பக்கத்தால் இழுத்தது, விசை எங்கே மாட்டியிருக்கிறது என்பது கட்டின ஆளுக்கு மட்டும் தெரியும். ஆளுக்கு ஆள் கட்டு வேறு.

சிவலிங்கம் வந்தது ஒரு தை மாதம், சனிக்கிழமை முற்பகல். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் மெத்தை போட்டுக் கொண்டு வந்தார்கள். வைத்தியர் கொடுத்த துண்டில், ‘கிணற்றடியில் விழுந்து கம்பி குத்தியது, வேறிடத்தில் தைக்கப்பட்டது, காய்ச்சல், வீக்கம்’ என்று எழுதியிருந்தது. ட்ரொலி உள்ளே வரமுன்னே மணம் வந்துவிட்டது. அந்த மணத்தை ஒருமுறை அறிந்தவர்கள் மறப்பதில்லை.

தவராசா ட்ரொலியை விடவில்லை. அயன் பண்ணிய சேட், கையில் சத்துமாவு மோல்ட் பை.

“கம்பி, மிஸ். கிணத்துக் கம்பி. நான் பக்கத்தில நிண்டனான்.”

“கதிர் படும். வெளியில நில்லுங்கோ.”

“எனக்குப் பரவாயில்லை மிஸ். எனக்குப் பிள்ளையள் பிறந்து முடிஞ்சுது.”

“எனக்குப் பரவாயிருக்கு. வெளியில.”

கதவைச் சாத்தினேன். கசெற்றைச் சூடாக்கினேன். சிவலிங்கம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். முப்பது வயது மதிக்கலாம். உதடு வெடித்திருந்தது.

“மிஸ், காலை எடுப்பினமோ?”

“அது டொக்டர் சொல்லுவார். நீங்கள் அசையாதேங்கோ.”

முதல் படம் எடுத்தேன். பக்கவாட்டில் திருப்பப் போகையில் கையைப் பிடித்தார்.

“கம்பியில்லை மிஸ். துவக்கு. மச்சான்ர துவக்கு. அவர் கச்சேரிக்குப் போனவர், விடிய பஸ்ஸுக்கே வெளிக்கிட்டிட்டார், அவிழ்க்க மறந்துபோனார். பள்ளிக்கூடப் பிள்ளையள் வாற வழி. நான்தான் அவிழ்ப்பம் எண்டு போனனான்.”

“எப்ப?”

“செவ்வாய்க்கிழமை.”

செவ்வாய். அன்றே உள்ளூரில் ஒரு சின்ன ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். போகமுன் காயத்தைச் சுற்றியிருந்த கரியைத் தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். கம்பி குத்தியது என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கே எக்ஸ்ரே இல்லை. கம்பிக் குத்துக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். கழுவினார்கள், ஊசி போட்டார்கள், தைத்து மூடினார்கள். துவக்கென்று ஒரு சொல் சொல்லியிருந்தால் மூடியிருக்க மாட்டார்கள். திறந்து, தோண்டி, உள்ளே போன தும்பையும் துணியையும் எடுத்திருப்பார்கள்.

“மிஸ், இன்னொண்டு இருக்கு.”

“என்ன?”

“மச்சான் ரெண்டு கட்டினவர். மற்றது இன்னும் நிக்குது. எந்த மரம் எண்டு எனக்குத் தெரியாது. நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ. டொக்டரிட்ட மட்டும் சொல்லுங்கோ. பொலிஸ் வேண்டாம்.”

நான் மற்றப் படத்தையும் எடுத்தேன். கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோது எனக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது. எலும்பு முழுசாக இருந்தது. கீறல்கூட இல்லை. பின்தசையில் சில இரும்புத் துண்டுகள். அதற்கு மேலே, முழங்கால்வரை, அழுகும் தசைக்குள் காற்று பிரிந்து போட்ட கறுத்த கோடுகள். தும்பும் துணியும் படத்தில் தெரியாது. கதிர் அவற்றில் நிற்காமல் ஊடுருவிப் போய்விடும். துண்டின் ஓரத்தில், ‘நாட்டுத் துவக்கு, உள்ளே தும்பு, துணி இருக்கலாம், நோயாளி சொன்னது’ என்று எழுதி, நானே சத்திரசிகிச்சை நிபுணரிடம் கொண்டுபோனேன். அவர் படத்தைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார்.

“செவ்வாய்க்கிழமை இதைச் சொல்லியிருக்கலாம் தானே” என்றார். அவ்வளவுதான்.

முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். இரும்பு எடுத்த காலல்ல அது. பொய் எடுத்த கால்.

அதற்கு முன், அவரைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு ஆயத்தப்படுத்தும்போது, நான் வெளியே வாங்குப் பலகையில் இருந்த பவளத்திடம் போனேன். சிவலிங்கம் சொன்னதை எப்படிச் சொல்லாமல் கேட்பது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்தச் சிரமம் வரவில்லை. அவளே தமையனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, மற்றதை அவிழ்த்தியோ இல்லையோ?”

“சத்தம் போடாதை.”

“செவ்வாய்க்கிழமையிலிருந்து கேக்கிறன். அவிழ்த்தியோ?”

“ஊருக்குள்ள பொலிஸ் திரியுது எண்டு கதை வந்தது. கையில துவக்கோட ஆம்பிட்டா பிணையும் இல்லை. நிலைமை ஆறட்டும்.”

“நிலைமை ஆறுமட்டும் துவக்குப் பாத்துக்கொண்டிருக்குமோ? என்ர பிள்ளை அந்த வழியால பள்ளிக்கூடம் போறாள்!”

“பிள்ளையைச் சுத்திப் போகச் சொல்லு.”

“ஊர்ப் பிள்ளையள் எல்லாருக்கும் ஆர் சொல்றது? நீ போய்ச் சொல்றியோ, நான் கட்டிவைச்சிருக்கிறன், சுத்திப் போங்கோ எண்டு?”

தவராசா என்னைக் கண்டுவிட்டு மோல்ட் பையைத் தூக்கிக் காட்டினார், நோயாளிக்கு இதைக் கொடுக்கலாமா என்று. எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் அடக்க முடியவில்லை. துவக்கு அங்கே காட்டோரம் கெட்டித்தபடி நிற்கிறது. இந்த மனுசன் இங்கே மோல்ட் பையோடு நிற்கிறார்.

“சனிக்கிழமை இண்டைக்கு. திங்கள் பள்ளிக்கூடம். போய் அவிழுங்கோ,” என்றேன்.

“மிஸ், உங்களுக்கு எங்கட கஸ்டம் தெரியாது. நான் செவ்வாய் விடிய எங்க போனனான் தெரியுமோ? கச்சேரிக்கு. துவக்கு லைசன்ஸ் கேட்டு. காணி உறுதி கொண்டு வா எண்டாங்கள். எங்கட காணி அரசாங்கம் தந்த பெர்மிட் காணி, உறுதிக்கு நான் எங்க போறது? பொலிஸ் அறிக்கை கொண்டு வா எண்டாங்கள். பொலிசுக்குப் போனா, நீ எந்த ஊர், சண்டைக்குள்ள எங்க இருந்தனீ எண்டு கேக்கிறாங்கள். பண்டி என்னட்டை ஒண்டும் கேக்கிறேல்லை. மரவள்ளியைக் கிண்டிப்போட்டுப் போகுது. எனக்கொரு லைசன்ஸ் துவக்குத் தந்திருந்தா நான் ஏன் இதைக் கட்டுறன்?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதையும் நான் எழுதத்தான் வேண்டும். போர்க்காலத்தில் இந்த மாவட்டத்திலே சில ஊர்களுக்கு அரசே துவக்குக் கொடுத்துக் காவல் இருக்கச் சொன்னது. வேறு சில ஊர்களில் உரிமத்தோடு வைத்திருந்தவர்களும் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டி வந்தது. யார் வைத்திருக்கலாம் என்பதைப் பயிர் தீர்மானிக்கவில்லை, பன்றி தீர்மானிக்கவில்லை. ஆளின் ஊரும் பெயரும் தீர்மானித்தன. இதைச் சொல்ல எனக்குப் பயமில்லை. ஆனால் அரசு அநியாயம் செய்தது என்பதற்காகப் பள்ளிக்கூட வழியில் நூல் கட்டலாமா?

பவளம் எழுந்தாள். “அண்ணா, நீ இப்ப போகாட்டி நான் ஆசுபத்திரிப் பொலிஸ் மேசைக்குப் போறன்.”

“என்னை உள்ள போடுவிச்சா உனக்குச் சந்தோசமோ?”

“கட்டின நீதானே அவிழ்க்க வேணும். வேற ஆரும் போனா என்ன நடக்கும் எண்டு உள்ளே கிடந்து காட்டுறார், போய்ப் பார்.”

அவர் போனார். நான் பார்த்துக்கொண்டிருக்க வாசலால் போனார். பின்னேரம், விளக்குப் போடுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். அவிழ்த்துவிட்டேன், இரண்டு துவக்கையும் குளத்தில் எறிந்துவிட்டேன் என்றார். அதே சேட். ஒரு சேற்றுப் பொட்டுமில்லை. பவளம் சேட்டைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். குளித்துவிட்டு உடுத்தேன் என்றார். தலைமயிர் ஈரமாகத்தான் இருந்தது. அதையும் அன்றே எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவது என் பழக்கமல்ல.

துவக்குக் காயம் என்பதால் முறைப்படி வந்த பொலிசாரிடம், கண் விழித்த சிவலிங்கம் துவக்கைத் தானே கட்டியதாகச் சொன்னார். பவளம் கேட்டாள், ஏன் என்று. “காலும் போச்சு. மச்சானும் போக வேணுமோ? அவற்ற நாலு பிள்ளையையும் ஆர் பாக்கிறது, ஒத்தக் காலோட நானோ?” என்றார். குற்றப் பணமும் ஒத்திவைத்த தண்டனையும் கால் இழந்தவருக்கே கிடைத்தன. பொலிசார் ஊருக்குப் போய்த் தேடினார்கள். ஒரு துவக்கும் அகப்படவில்லை.

அதன் பிறகு ஒருநாள் குறிஞ்சாக்கேணிக்குப் போய், ஓய்விலிருந்த ஜுனைதீன் சேரிடம் பெயர் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

“மற்றத் துவக்கு அவிழ்த்தாச்செண்டு ஆரு புள்ள சொன்னது?”

“கட்டினவர்தான் சேர்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது ஒரு படம். மற்றப் படம் எங்க?”

எனக்குப் பத்திரிகை வாசிக்கும் பழக்கம் அதிகம். துவக்கு விவகாரத்தில் உலகம் என்ன சொல்கிறது என்று அன்றிலிருந்து வாசித்து வருகிறேன். ஒரு பெரிய கொலைக்குப் பிறகு அவுஸ்திரேலியாவில் அரசே காசு கொடுத்துத் துவக்குகளைத் திரும்ப வாங்கியது. யப்பானில் ஒரு வேட்டைத் துவக்கு வாங்குவதற்கு வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். சுவிற்சர்லாந்தில் படைப்பயிற்சி பெற்றவர் துவக்கை வீட்டிலே வைத்திருக்கிறார். அமெரிக்காவில் அது அரசியலமைப்பு கொடுத்த உரிமை. அங்கே இருக்கும் என் பெறாமகன் தொலைபேசியில் அடிக்கடி சொல்வான்: “சின்னம்மா, துவக்கு ஆளைக் கொல்லுறேல்லை, ஆள்தான் ஆளைக் கொல்லுது. நல்ல ஆளின்ர கையில இருந்தா ஒரு பிரச்சினையும் இல்லை.”

நான் அவனிடம் கேட்டேன், கையே இல்லாத துவக்கைப் பற்றி உங்கள் நாட்டில் என்ன சொல்கிறார்கள் என்று. அவனுக்கு விளங்கவில்லை. இந்த விவாதம் எல்லாவற்றிலும் துவக்குக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிறார். நல்லவரோ கெட்டவரோ, குறி பார்க்கிறார், விசையை இழுக்கிறார், பிறகு பதில் சொல்லலாம். எங்கள் காட்டோரத்தில் துவக்கு மட்டும் நிற்கிறது. ஆள் கச்சேரியில் நிற்கிறார். வெடித்த பிறகும் ஆள் இல்லை. இங்கே கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. மச்சான் இருக்கிறார், பன்றி இருக்கிறது, பெர்மிட் காணி இருக்கிறது. ஒரு கால் மட்டும் இல்லை.

போன கிழமை தவராசா மோட்டார் சைக்கிளில் வந்தார், கையொப்பத்துக்காக. கதிரை கொடுத்தேன். தேத்தண்ணி கொடுத்தேன். மனுவை மேசையில் விரித்தேன்.

“வலது காலெண்டு எழுதியிருக்கிறீங்கள்.”

“இல்லையோ மிஸ்?”

“இடது.”

“ஓ. அது மாத்தலாம். சின்ன விசயம்.”

“சிவலிங்கமும் இதில கையொப்பம் வைச்சிருக்கிறார்.”

“ஓம், அவர்தான் முதல் ஆள்.”

அது உண்மை. நான் சிவலிங்கத்திடம் கேட்டிருந்தேன். “பண்டி வந்தா ஒத்தக் காலோட நான் துரத்த ஏலாது மிஸ். துவக்கிருந்தாக் கதிரையில இருந்தெண்டாலும் சுடலாம்” என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கு அந்த உரிமை உண்டு. கையில் பிடித்து, கண்ணால் பார்த்து, பெயர் எழுதிக் கொடுத்து வைத்திருக்கும் துவக்குக்கு நான் எதிரியல்ல என்பதை அன்றைக்குத்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

“நான் கையொப்பம் வைக்கிறன், தவராசா. ஒரு காரியம். மற்றதைக் கட்டின மரத்தை எனக்கும் பவளத்துக்கும் காட்டுங்கோ. இப்பவே உங்கட மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால ஓட்டோ பிடிச்சு வாறன்.”

“மிஸ், அது அண்டைக்கே அவிழ்த்தாச்சு. நான் சொன்னன்தானே.”

“சொன்னீங்கள். காட்டுங்கோ.”

“அந்தப் பக்கம் இப்ப காடு மூடிக் கிடக்கு. ஒருத்தரும் போறேல்லை.”

“ஏன் போறேல்லை?”

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். ஏன் என்று இருவருக்கும் தெரியும். அந்த ஊரில் யாரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வழியை எல்லோரும் விட்டுவிட்டார்கள். பவளத்தின் மகள் இப்போது உயர்தர வகுப்புப் படிக்கிறாள். இன்றைக்கும் அவளைத் தாய் குளக்கட்டால் சுற்றித்தான் அனுப்புகிறாள்.

“பழைய கதை மிஸ். மழையில மருந்து எப்பவோ ஊறிப்போயிருக்கும்,” என்றார் எழும்பிக்கொண்டு.

அவிழ்த்த துவக்கு மழையில் ஏன் நனைய வேண்டும் என்று நான் கேட்கமுன் அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிவிட்டார்.

மனு என் மேசையில் கிடக்கிறது. வலது என்பதை வெட்டி இடது என்று திருத்தியிருக்கிறேன். கையொப்பக் கோடு வெறுமையாக இருக்கிறது. இரண்டாவது துவக்கு அந்தச் சனிக்கிழமை அவிழ்க்கப்பட்டதா, இல்லையா என்பதை என்னால் இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை. அவிழ்த்ததாகத் தவராசா சொன்னது ஒரு படம். மற்றப் படம் எடுக்கப்படவில்லை.